பழைய ஹெவி டியூட்டி பிக்கப் டிரக் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் எங்கள் பக்கம் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கி ஆடு, கோழி, முருங்கை என்று இறங்கும் நம் ஆட்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நிலம் பதிவான மறுமாதமே டிராக்டரை ஏற்றி இழுக்கவும் வைக்கோல் கட்டு கொண்டுவரவும் ஒரு பெரிய பிக்கப் தேவைப்படும். புது டீசல் வண்டியின் விலையைக் கேட்டதும் தலை சுற்றி, பழையதைத் தேடத் தொடங்குவார்கள். அப்படித் தேடும் நண்பர்களோடு போய் வண்டி பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். செலவுக் கணக்கெல்லாம் அமெரிக்க டாலரில், டீலரிடம் போகாமல் வெளியே நல்ல டீசல் மெக்கானிக்கிடம் ஆகும் தோராயத் தொகை. ஊருக்கு ஊர் கூலி மாறும்.

ஹெவி டியூட்டி என்று எந்த வண்டிகளைச் சொல்கிறீர்கள்?

ஃபோர்டில் எஃப்-250, எஃப்-350. ராமில் 2500, 3500. செவர்லே சில்வராடோவிலும் ஜிஎம்சி சியராவிலும் 2500எச்டி, 3500எச்டி. தெருவில் அதிகம் பார்க்கும் எஃப்-150, 1500 வகை வண்டிகள் இதில் சேராது. வண்டியும் சுமையும் சேர்த்த எடை வரம்பு இவற்றில் 8,500 பவுண்டுக்கு மேல். சேஸ், ஆக்சில், பிரேக் எல்லாமே பெரிது என்பதால் மாற்றும் சாமானும் பெரிது. டயர் கனமான சுமை தாங்கும் பத்து பிளை வகை வேண்டும். நான்குக்கு 1,000 முதல் 1,400 டாலர் வரை ஆகும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் ஆறு டயர். டீசல் என்றால் பேட்டரி இரண்டு, ஆயில் மாற்றினால் பத்து முதல் பதினைந்து குவார்ட் வரை ஊற்ற வேண்டும். ரிப்பேர் எதுவுமே வராவிட்டாலும் ஆகும் செலவு இது.

மூன்று கம்பெனிகளில் எது நல்லது?

இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த வருடம், எந்த இன்ஜின்?" என்றுதான். ஒரே எஃப்-250, 2002-இல் ஒரு இன்ஜின், 2005-இல் வேறு இன்ஜின், 2009-இல் இன்னொன்று, 2012-இல் முற்றிலும் வேறு. பெயர்ப்பலகை ஒன்றுதான், உள்ளே இருப்பது நான்கு வெவ்வேறு ஜாதகம். ஒரு வருடம் முன்னே பின்னே போனாலே ரிப்பேர் செலவு ஐயாயிரம் டாலர் வித்தியாசப்படும். அதனால் கம்பெனியை விட்டுவிட்டு இன்ஜின் வருடத்தைப் பிடியுங்கள்.

ஃபோர்டு 6.0 டீசல் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின் அது. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த இன்ஜினின் ஆயில் கூலர், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கூலன்டில் சேரும் கசடும், பிளாக் வார்க்கும்போது தங்கிப்போன மணலும் அதன் மெல்லிய வழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். அதைத் தாண்டிவரும் கூலன்ட்தான் அடுத்து இஜிஆர் கூலருக்கு (மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடும் புகையைக் குளிர்விப்பது) போக வேண்டும். வாய்க்கால் தலைமாட்டில் அடைத்தால் கடைமடை காய்வது போல, இஜிஆர் கூலர் கூலன்ட் இல்லாமல் வெந்து வெடிக்கும். வெடித்தால் கூலன்ட் இன்ஜினுக்குள் போகும், அழுத்தம் எகிறும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே ஹெட் போல்ட் இருப்பதால் அந்த அழுத்தத்தில் போல்ட் இழுபட்டு ஹெட் கேஸ்கெட்டும் போகும். ஆக, மூன்று ரிப்பேருக்கும் வேர் ஒன்றுதான்: அந்த அடைப்பு.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு ஸ்கேனரை மாட்டி, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஆயில் வெப்பம், கூலன்ட் வெப்பம் இரண்டையும் பாருங்கள். ஆயில் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால் கூலர் அடைபட்டிருக்கிறது. அப்புறம் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி காய்ந்த தடம் இருந்தால் கூலன்ட் பொங்கி வழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆயில் கூலர், இஜிஆர் கூலர் இரண்டையும் மாற்ற 1,500 முதல் 3,000 டாலர். ஹெட்டைக் கழற்றி, போல்ட்டுக்குப் பதில் கெட்டியான ஸ்டட் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் 5,000 முதல் 8,000 வரை. இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இந்த வண்டியில் அடிக்கடி போகும்; பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ பலவீனமாக இருந்தால் சீக்கிரம் போகும்.

முந்தைய உரிமையாளர் இந்த வேலைகளையெல்லாம் செய்து, பில்லைக் கையில் வைத்திருந்தால் தைரியமாக வாங்கலாம். சரிசெய்யப்பட்ட 6.0 நன்றாகவே இழுக்கும். வாய்வார்த்தையாக "எல்லாம் செய்தாச்சு" என்றால் எதுவும் செய்யவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அதற்கு அடுத்து வந்த 6.4?

2008 முதல் 2010 வரை. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அதில் கொஞ்சம் வழிந்து ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். பிஸ்டன் விரிசல் விடும், ரேடியேட்டர் ஒழுகும். பெரிய வேலை எது வந்தாலும் கேபினையே சேஸிலிருந்து கழற்றித் தூக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும்.

ஃபோர்டின் பழைய 7.3-ஐ எல்லோரும் புகழ்கிறார்களே?

புகழுக்குத் தகுதியான இன்ஜின்தான். 1994-இன் நடுவில் வந்து 2003 வரை ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்தால் பெரும்பாலும் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார்தான் காரணம். சின்னச் சாமான், விலையும் குறைவு. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டே வைத்திருப்பார்கள். ஆனால் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இன்ஜினைப் பார்த்து மயங்கி பிரேக் குழாயையும் ஒயரிங்கையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

டுராமாக்ஸில் எந்த வருடம் பார்க்கலாம்?

செவர்லே, ஜிஎம்சி வண்டிகளின் டீசல் இன்ஜின்தான் டுராமாக்ஸ். 2001 முதல் 2004 வரை வந்த முதல் டுராமாக்ஸை மெக்கானிக்குகள் எல்பி7 என்பார்கள். இதன் நோய் இன்ஜெக்டர். அதுவும் வால்வு கவருக்கு உள்ளே இருக்கிறது, அதனால் எட்டையும் மாற்ற 3,000 முதல் 5,000 டாலர். இன்ஜெக்டர் கசிந்தால் டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ, விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தாலோ நகர்ந்துவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸே இந்த இன்ஜெக்டர்களுக்கு 7 வருடம் அல்லது 2 லட்சம் மைல் என்று உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்தக் காலம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. இப்போது செலவு முழுதும் நம் தலையில்.

அடுத்து வந்த எல்எல்ஒய் கோடைகாலத்தில் பாரம் இழுத்தால் சூடேறும். 2006-07-இல் வந்த எல்பிஇசட் தான் பலருக்கும் பிடித்தது. புகை வடிகட்டி வருவதற்கு முந்தையது, கூடவே ஆறு கியர் அல்லிசன் கியர்பாக்ஸ். அதனாலேயே அந்த வயதுக்கு மீறிய விலை சொல்வார்கள். என் கணிப்பில் 20,000 மைல் கூடுதலாக ஓடியிருந்தாலும் எல்பிஇசட் எல்பி7-ஐவிட மேல். 2011-16 வண்டிகளுக்கு வேறு ஒரு பிரச்சினை, கீழே சொல்கிறேன்.

கம்மின்ஸ் என்றால் கண்ணை மூடி வாங்கலாமா?

ராம் வண்டிகளில் வரும் டீசல் இன்ஜின் இது. இன்ஜினை நம்பலாம். சுற்றியிருப்பதைக் கண்ணைத் திறந்து பாருங்கள்.

1998-இன் நடுவிலிருந்து 2002 வரையிலான 5.9-இல் விபி44 என்ற ஊசிப் பம்ப் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் மசகு கொடுப்பதும் உள்ளே ஓடும் டீசல்தான். அதற்கு டீசல் ஏற்றிக் கொடுக்கும் லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், விபி44 வறண்டு தேய்ந்துகொண்டே இருக்கும். இருநூறு முந்நூறு டாலர் சாமானைக் கவனிக்காததால் 1,500 முதல் 2,500 வரை செலவு. டீசல் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டர் பொருத்தியிருந்தால் அந்த உரிமையாளர் விவரமானவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2007-இன் நடுவில் வந்த 6.7-இல் டர்போ கரி பிடித்து இறுகும். மாற்ற 2,500 முதல் 4,000. இன்டேக்கில் காற்றைச் சூடேற்றும் கிரிட் ஹீட்டரின் போல்ட் சூட்டில் அரித்து, நட்டோடு கழன்று சிலிண்டருக்குள் விழுந்து இன்ஜினையே உடைத்த கதைகள் உண்டு. வாங்கியதும் அந்தப் போல்ட்டைச் சோதித்துவிடுங்கள். மாற்று கிட் சில நூறு டாலரில் கிடைக்கிறது. இன்னொன்று: 2013 முதல் வந்த ராம் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக வழக்கு வந்து, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2013-19 வண்டிகளின் மென்பொருளை மாற்றித் தருகிறார்கள். உங்கள் வண்டிக்கு அது செய்தாயிற்றா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வைத்துக் கேளுங்கள்.

சிபி4 பம்ப் என்றால் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். மற்ற ரிப்பேர்கள் முன்னறிவிப்போடு வரும். இது திடீரென்று வரும்.

சிபி4 என்பது பாஷ் கம்பெனியின் உயர் அழுத்த டீசல் பம்ப். உள்ளே கேம் மீது ஓடும் ஒரு ரோலர், மசகு போதாமல் போனால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். திரும்பியதும் உருள்வது நின்று உரசத் தொடங்கும். இரும்புத்தூள் உதிரும். அந்தத் தூள் டீசலோடு கலந்து இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரித்துக் கொடுக்கும் ரெயில், எல்லா இன்ஜெக்டர்களும், திரும்பும் குழாய், டேங்க் வரை போய்விடும். பம்ப்பை மட்டும் மாற்றினால் பத்து நாளில் புதுப் பம்ப்பும் போகும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்: 8,000 முதல் 12,000 டாலர். பல பழைய வண்டிகளின் விலையில் பாதி அது.

அமெரிக்க டீசலின் மசகுத்தன்மை ஐரோப்பிய டீசலைவிடக் குறைவு. மசகைச் சோதிக்கும் பரிசோதனையில் ஐரோப்பா 460 மைக்ரான் தேய்மானம் வரைதான் அனுமதிக்கிறது. இங்கே 520 வரை அனுமதி. மசகு குறைந்த டீசல் இந்தப் பம்ப்புக்கு ஆகாது. டீசலில் தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம்.

எந்த வண்டிகளில் இருக்கிறது? 2011 முதல் வந்த ஃபோர்டு 6.7, 2011-16 டுராமாக்ஸ், 2019-20 ராம் 6.7. ராம் 2021-இல் ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவித்து பழைய சிபி3 வகைப் பம்ப்புக்கே மாற்றிக் கொடுத்தது; அந்த ரீகால் முடிந்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். டுராமாக்ஸ் 2017-இல் டென்சோ பம்ப்புக்கு மாறிவிட்டது.

வாங்கும் முன் ஒரு சோதனை உண்டு. பம்ப்பின் மேல் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வு ஒன்று இருக்கும். மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லி, அதன் வலையை வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். ஜிகினா மாதிரி மினுமினுத்தால் சாவியை விற்பவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். சுத்தமாக இருந்து வாங்கினால், டீசல் ஃபில்டரைச் சொன்ன மைலில் மாற்றுங்கள், தண்ணீர் வடிகாலைத் திறந்துவிடுங்கள், மசகு சேர்க்கும் திரவம் ஊற்றுங்கள், டேங்கை வற்றவிடாதீர்கள். பம்ப் உடைந்தாலும் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் கிட் 300 முதல் 500 டாலருக்குக் கிடைக்கிறது. போட்டுவிடுங்கள்.

"டெலீட்" செய்த வண்டி என்கிறார்கள். நல்லதா?

புகை வடிகட்டி, இஜிஆர், யூரியாத் திரவ அமைப்பு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். "இனி ரிப்பேரே வராது" என்று விற்பார்கள். தூய காற்றுச் சட்டத்துக்கு இது புறம்பானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் போட்ட கணக்குப்படி ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் இப்படிச் செய்திருந்தார்கள். கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போனால், இப்படி டெலீட் செய்த 1998-உம் அதற்குப் பிந்தையதுமான டீசல் வண்டி புகைச் சோதனையில் தேறாது. டீலரும் மாற்றாக எடுக்கத் தயங்குவார். திரும்பப் பொருத்த 5,000 முதல் 10,000 டாலர். பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் தெருவில்தான் நாமும் ஓட்டப்போகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான் வாங்கமாட்டேன்.

மைல் குறைவாக இருந்தால் போதுமா?

போதாது. ஒருமுறை நண்பருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். ஓடோமீட்டரில் 1,24,000 மைல். அந்த வயதுக்கு நல்ல கணக்கு, விலையும் அதற்கேற்றபடி கூடுதலாகவே சொன்னார். பெயின்ட் பளபளத்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கையின் இடது விளிம்பு பஞ்சு அமுங்கித் துணி கிழிந்திருந்தது. பிரேக் பெடல் ரப்பரோ புதிது மாதிரி கோடு அழியாமல் இருந்தது. ஏறி இறங்கிய தடம் இருக்கிறது, ஓட்டிய தடம் இல்லை. டேஷ்போர்டு திரையில் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போய் இன்ஜின் ஓடிய மணி நேரத்தைப் பார்த்தோம்: 9,300. மைலை மணியால் வகுத்தால் மணிக்குப் பதின்மூன்று மைல். எண்ணெய் வயலில் இரவு பகலாக ஏசி போட்டு நின்றபடியே ஓடிய வண்டி. கேட்டபோது விற்பவர் மறைக்காமல் ஆமாம் என்றார்.

நின்று ஓடும் டீசல் கரியைச் சேர்க்கும். புகை வடிகட்டியும் டர்போவும் இஜிஆரும் சீக்கிரம் அடையும். வடிகட்டி மட்டுமே மாற்ற 2,000 முதல் 4,000. வகுத்து வரும் எண் 30-க்கு மேல் என்றால் நெடுஞ்சாலை வண்டி. இருபதுக்குக் கீழ் என்றால் மைலை மறந்துவிட்டு மணியைப் பார்த்து விலை பேசுங்கள்.

ஓட்டும்போது முன்பக்கம் பயங்கரமாக ஆடியது. ஏன்?

ஃபோர்டு, ராம் நான்கு சக்கர இழுவை வண்டிகளின் முன்பக்கம் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். டிராக் பார், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் டாம்பர் இவற்றில் ஏதாவது தேய்ந்திருந்தால், ஐம்பது அறுபது மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறும். முதல்முறை அனுபவிப்பவர்கள் சக்கரம் கழன்றுவிட்டது என்றே நினைப்பார்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

பலர் டாம்பரை மட்டும் மாற்றி 150 டாலரில் முடித்துக்கொள்வார்கள். அது ஆட்டத்தை மறைக்கும், நோய் அப்படியே இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக அசைக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து டிராக் பாரின் முனையைப் பார்த்தால் தேய்மானம் கண்ணுக்கே தெரியும். டிராக் பார் 250-500, பால் ஜாயின்ட் இரண்டு பக்கமும் 800-1,500.

கியர்பாக்ஸ்?

டுராமாக்ஸோடு வரும் அல்லிசன் உறுதியானது. ராம் 6.7-இல் வரும் 68ஆர்எஃப்இ அந்த இன்ஜினின் இழுவைக்கு ஈடுகொடுக்கத் திணறும், அதிலும் மென்பொருள் மாற்றிச் சக்தி ஏற்றியிருந்தால். திரும்பக் கட்ட 4,000 முதல் 7,000. பாரத்தோடு ஓட்டிப் பார்த்தால்தான் வழுக்குவது தெரியும். முடிந்தால் உங்கள் டிரெய்லரை மாட்டிக்கொண்டே போங்கள்.

டீசல்தான் வேண்டுமா, பெட்ரோல் போதாதா?

மாதத்துக்கு இரண்டு நடை, 10,000 பவுண்டுக்குள் இழுப்பவருக்குப் பெட்ரோல் தாராளமாகப் போதும். ஃபோர்டு 6.2, ஜிஎம் 6.0 இரண்டும் சாதுவான இன்ஜின்கள். ஜிஎம்மில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின் போல்ட் உடையும், அவ்வளவுதான். ஃபோர்டின் பழைய 5.4 மூன்று வால்வு இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும் என்பதால் அதைத் தவிருங்கள். ராம் 6.4 ஹெமியில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது வரும் டிக் டிக் சத்தம் சூடேறியும் நிற்காவிட்டால் லிஃப்டர், கேம்ஷாஃப்ட் வேலை இருக்கலாம், 3,000-த்துக்கு மேல்.

பார்க்கப் போகும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

காலையிலேயே போங்கள், முன்கூட்டிக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் கையை இன்ஜின் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த டீசல் கிளம்பும் விதத்தில்தான் இன்ஜெக்டர், குளோ பிளக், பேட்டரி எல்லாம் பேசும். கிளப்பி ஐந்து நிமிடம் கழித்து ஆயில் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

அப்புறம் தரையில் படுத்துச் சேஸைப் பாருங்கள். மிச்சிகன், ஒஹாயோ, ஒன்டாரியோ போன்ற உப்புப் போடும் ஊர்களிலிருந்து வந்தது என்றால் பிரேக் குழாயை விரலால் தடவுங்கள், செதில் செதிலாக வந்தால் வேண்டாம். வின் எண்ணைப் போட்டால் செய்யாமல் விட்ட ரீகால்களை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வண்டி விலைக்கு மேல் எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும்?

டீசலுக்குக் குறைந்தது 5,000, பெட்ரோலுக்கு 2,500. 18,000 இருக்கிறதென்றால் 13,000 டாலருக்கு டீசல் பாருங்கள். முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு மூன்றாம் மாதம் அதைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

விற்பவர் என் மெக்கானிக்கிடம் காட்ட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

150, 200 டாலர் சோதனைக் கூலி நான் தருகிறேன், வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்புங்கள்.